அகக்கண்ணில் இல்லாத ஆலிஸ்

அடையாற்றில், பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாநிலக் கடற்பாசி மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் அறுபத்து மூன்று பேரில் கடற்பாசியைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. எந்தக் கரையில் எத்தனை டன் வளர்கிறது, என்ன நிறம், யார் அறுக்கிறார்கள் என்பதெல்லாம் 'அகக்கண்'ணில் இருந்தது. அகக்கண் என்பது கழகத்தின் உள்கணினி அமைப்பு. 2006-இல் அதைத் தொடங்கியபோது, பழைய பதிவேடுகளில் இருந்த அத்தனையையும் மூன்று மாதம் உட்கார்ந்து உள்ளே ஏற்றினார்கள். ஏற்றிய களைப்பு இன்னும் தீராததால், அதற்குப் பிறகு யாரும் அதில் கைவைக்கவில்லை.

தகவல் பழசாகப் பழசாக அதன் மரியாதை மட்டும் ஏறிக்கொண்டே போனது. சுற்றறிக்கை எண் 41 இப்படிச் சொன்னது: "அகக்கண்ணில் உள்ளதே உண்மை. நடைமுறை அதனோடு மாறுபட்டால், நடைமுறையை உடனடியாகத் திருத்துக." ஊழியர்களும் திருத்திக்கொண்டார்கள். லிஃப்ட் ஒன்பது வருடமாக ஓடவில்லை. ஆனால் அகக்கண்ணில் 'இயங்குகிறது' என்று இருந்ததால், மூன்றாம் மாடிக்குப் போகிறவர்கள் முதலில் லிஃப்டுக்குள் நுழைந்து, நியாயமான ஒரு நேரம் நின்று, வெளியே வந்து, படியேறுவார்கள். முகப்புப் பக்கத்தில், வானிலை மையத்திலிருந்து தானாக வந்து விழுந்த 2008-ஆம் வருடத்துப் புயல் எச்சரிக்கை சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் கிழக்குப் பக்கத்து ஜன்னல்கள் பதினேழு வருடமாகச் சாத்தியே கிடந்தன. சித்திரை வெயிலில்கூடப் புயலுக்குப் பயந்து வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்த அலுவலகம் இந்த நாட்டில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆம்ப்ரோஸ் அங்கே உதவியாளர். வயது ஐம்பத்தேழு. வீடு சாந்தோமில். யார் வம்புக்கும் போகாத மனிதர். லிஃப்டுக்குள் மற்றவர்கள் அரை நிமிடம் நின்றால் இவர் ஒரு நிமிடம் நிற்பார். அகக்கண் பொய் சொல்லும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை, நினைக்கவேண்டிய தேவையும் வந்ததில்லை. மனைவி ஆலிஸின் பித்தப்பையில் கல் என்று தெரியவரும்வரை.

ஆலிஸ் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். இரண்டு மாதமாக வலது விலாவைப் பிடித்துக்கொண்டே மாவு பிசைந்தாள். கடைசியில் மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனையில் காட்டியபோது, ஒரு கல் குழாய்க்குள் நகர ஆரம்பித்துவிட்டது, வரும் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து வந்துவிடும் என்றார் மருத்துவர். கழகத்திலிருந்து ஓர் அனுமதிக் கடிதம் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கையிலிருந்து கட்டிச் சேரக்கூடிய வசதி ஆம்ப்ரோஸுக்கு இல்லை. கடிதம்தானே, ஒரு நாள் வேலை என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, தகவல் பிரிவில் இருந்த நீரஜாவிடம் போனார். முப்பது வயதைத் தாண்டாத பெண். அகக்கண்ணைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவள் வேலை, தொடுவதற்கு அனுமதி கிடையாது. அவருடைய பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் தேடிவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், உங்களுக்கு வைஃபே இல்லையே."

திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆம்ப்ரோஸ், மணமாகாதவர். சார்ந்திருப்போர்: தாயார் சோஃபியா, ஒருவர் மட்டும். ஆலிஸ் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் டீனா பிறக்கவே இல்லை. ஆம்ப்ரோஸுக்குத் திருமணம் ஆனது 1999-இல். பதிவேட்டை எழுதியது 1998-இல். அன்றே மனு கொடுத்ததாக அவருக்கு நல்ல ஞாபகம். அந்த மனு எந்தக் கோப்புக்கட்டுக்குள் உறங்குகிறதோ தெரியவில்லை.

இத்தனை வருடமாக இதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். நீரஜா தயங்கித் தயங்கி இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். கழகத்தில் வருகைப் பதிவு போட வேண்டுமானால், தினமும் காலையில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் சரியானவை என உறுதி செய்கிறேன்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மேற்கண்ட விவரங்களைப் பார்க்க மேலே போக வேண்டும். யாரும் மேலே போவதில்லை. பத்து மணி தாண்டினால் அரைநாள் விடுப்பு போய்விடும் என்பதால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார்கள்.

"நீங்களே நாலாயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு தடவை கன்ஃபர்ம் பண்ணியிருக்கீங்க சார். இன்னிக்குக் காலைல ஒம்போது அம்பதுக்குக்கூட."

ஆம்ப்ரோஸ் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தினமும் காலையில் ஆலிஸ் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பையை மேஜையில் வைத்துவிட்டு, தனக்கு மனைவி இல்லை என்று கையொப்பம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

புதன்கிழமை நிர்வாக இயக்குநர் ஸ்ரீரங்கன் நேரம் கொடுத்தார். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். அகக்கண்ணைத் தொடங்கிவைத்த குழுவில் இளம் அதிகாரியாக இருந்தவர். அவருடைய மேஜையின் மேல் கணினி கிடையாது. அகக்கண் தம் மனதில் இருப்பதாகச் சொல்வார். ஆம்ப்ரோஸ் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்ட பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆம்ப்ரோஸ், நான் உங்கள நம்பறேன். உங்காத்து கிறிஸ்துமஸ் கேக் வருஷா வருஷம் சாப்டறேன். முட்டை போடாம எனக்குன்னு தனியா பண்ணி அனுப்பறது உங்க மனைவிதான்னும் நன்னாத் தெரியும். ஆனா அது எனக்குத் தெரிஞ்சது. ஒரு இயக்குநர் தனக்குத் தெரிஞ்சத வச்சுண்டு முடிவெடுக்க ஆரம்பிச்சா, அப்புறம் நிறுவனம் எதுக்கு? இருபது வருஷமா எதையும் தெரிஞ்சுக்காம நடத்திண்டு வரோம். ஒரு தப்பு நடந்திருக்கா, சொல்லுங்கோ."

ஆம்ப்ரோஸின் முகத்தைப் பார்த்து இயக்குநருக்கே இரக்கம் வந்தது. சட்டத்துக்கு உட்பட்டுத் தம்மால் முடிந்த ஓர் உதவியைச் செய்ய முன்வந்தார்.

"உங்க அம்மாவுக்கு வேணா இன்னிக்கே லெட்டர் போட்டுடலாம். அவா பேர் இருக்கு."

"அம்மா எறந்து பதினேழு வருஷம் ஆச்சு சார்."

"அப்போ அவசரம் இல்லேங்கறேள்" என்றார் ஸ்ரீரங்கன், குறித்துக்கொண்டே.

மனைவியைச் சேர்க்க ஒரே வழிதான் உண்டு என்றாள் நீரஜா. மனு, பிரிவு அலுவலர் சுப்புராயனுக்குப் போக வேண்டும். அவர் ஒப்புதல் கொடுத்தால் சேரும். இங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சுப்புராயன் 2013-இல் ஓய்வு பெற்று, கோயம்புத்தூருக்கு மகனோடு போய்விட்டார். அகக்கண்ணுக்கு அது தெரியாது. அவருடைய நாற்காலியில் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். தினமும் பதினோரு மணிக்கு அந்த மேஜைக்கு ஒரு டீ வரும், பன்னிரண்டு மணிக்கு ஆறிப்போய்த் திரும்பும். அவருடைய கடவுச்சொல்லைக் கணினித் திரையின் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் போட்டு அவராக உள்ளே நுழையலாம். ஆனால் ஒவ்வோர் ஒப்புதலுக்கும் அவருடைய கைபேசிக்கு ஓர் ஆறிலக்க எண் போகும். அந்த எண்ணைப் போட்டால்தான் கதவு திறக்கும்.

ஓய்வுக்குப் பிறகும் கோயம்புத்தூரிலிருந்து போனில் நம்பர் சொல்லிக்கொண்டிருந்த சுப்புராயன், சில வருடங்களுக்கு முன்னால் அந்தக் கைபேசி எண்ணையே விட்டுவிட்டார். அப்படியானால் அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு விடுப்பும் இடமாற்றமும் எப்படிக் கிடைத்தன என்று ஆம்ப்ரோஸ் கேட்டார். அவர் விடுப்பே எடுக்காத மனிதர், அதனால் அவருக்கு இது தெரியாது. நீரஜா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.

மறுமுனையில் ஒரு பெண்குரல். பின்னால் அரிவாள்மனையில் எதையோ நறுக்குகிற சத்தம்.

"சொல்லு நைனா. லீவா, ட்ரான்ஸ்பரா?"

அவள் பெயர் தங்கபுஷ்பம். பட்டினப்பாக்கத்துக் கடற்கரைச் சாலையில் மீன் விற்கிறாள். வியாழக்கிழமை விடிந்ததும் ஆம்ப்ரோஸ் அவளைத் தேடிக்கொண்டு போனார். நாலு வருடத்துக்கு முன்னால் புது சிம் வாங்கியதிலிருந்து, நேரம் காலம் இல்லாமல் நம்பராக வந்து கொட்டுகிறது என்றாள். முதலில் திட்டினாளாம். அப்புறம் ஆபீஸ் ஆட்கள் நேரிலேயே வந்து கெஞ்ச ஆரம்பித்ததும், மீன் வாங்குகிறவர்களுக்குத்தான் நம்பர் என்று சொல்லிவிட்டாள். கால் கிலோவுக்கு விடுப்பு, அரைக் கிலோவுக்கு இடமாற்றம் என்று அவர்களே ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டார்களாம். கழகத்தில் சில கோப்புகளில் லேசாக மீன்வாடை அடிப்பது கடற்பாசி சம்பந்தப்பட்டது என்றே ஆம்ப்ரோஸ் இத்தனை நாள் எண்ணியிருந்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இயக்குநரின் டிரைவர் மஞ்சள் பையோடு வந்து அரைக் கிலோ நெத்திலி வாங்கி, ஒரு நம்பரைக் குறித்துக்கொண்டு, ஆம்ப்ரோஸைத் தெரியாதவர் போலப் போனார்.

"உங்க பெரியவரு பேரச் சொல்லித்தான் வாங்கினு போறாரு. அவரு துன்றது இல்லியாமே. வூட்டாண்ட பூனைங்கோ நல்லாக் கொழுத்துப் போய்க் கீதாம்" என்றாள் தங்கபுஷ்பம். "சரி, ஒனக்கு இன்னாத்துக்கு நம்பரு?"

ஆம்ப்ரோஸ் சொன்னார். இரண்டு மாதத்து வலி, திங்கட்கிழமை, கடிதம், தான் மணமாகாதவர் என்பது எல்லாவற்றையும் சொன்னார். அவர் சங்கரா ஒரு கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்று பையை நீட்டியபோது அவள் தடுத்துவிட்டாள்.

"பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னு வந்துக்கீற. மீனெல்லாம் வாணாம். போன் பண்ணி அந்தப் பொண்ண நம்பரு அனுப்பச் சொல்லு."

நீரஜா சுப்புராயனின் நாற்காலியில் தயாராக இருந்தாள். நம்பர் வந்தது, தங்கபுஷ்பம் படித்தாள், ஆம்ப்ரோஸ் போனில் சொன்னார். காலை எட்டே முக்காலுக்கு, ஐம்பத்தேழாவது வயதில், ஆம்ப்ரோஸுக்கு அகக்கண்ணில் ஒரு மனைவி வந்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டார் என்பார்கள். வெள்ளிக்கிழமை காலை அச்சடித்து வந்த கடிதத்தில், மயிலாப்பூர் மருத்துவமனையின் பெயர் இல்லை. அகக்கண்ணின் பட்டியலில் இருந்த ஒரே மருத்துவமனை தி.நகரில் ஜீவரத்னம் நர்சிங் ஹோம். நோயாளி நேரில் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று கடிதம் சொன்னது. அந்த நர்சிங் ஹோமை இடித்துப் பல வருடம் ஆகிறது. இப்போது அந்த இடத்தில் நாலு மாடிப் பட்டுப்புடவைக் கடை. ஆம்ப்ரோஸ் இதைச் சொன்னதும், இடம் அதேதானே, போய்த்தான் பாருங்களேன் என்றார் ஸ்ரீரங்கன்.

வலியால் குனிந்து நடந்த ஆலிஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆம்ப்ரோஸ் தி.நகருக்குப் போனார். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். இரண்டாம் மாடியில் வெள்ளை மெத்தை விரித்துப் புடவை காட்டும் இடத்தில் ஆலிஸை மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். விற்பனைப் பெண் ஒருத்தி, பழக்கதோஷத்தில், படுத்திருந்தவளுக்கு முன்னால் இரண்டு புடவைகளை விரித்துக் காட்டினாள். மேற்பார்வையாளர் இனாயத் வந்து கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளவும் என்ற வரியை இரண்டு தடவை படித்தார். ஆனால் அவர் ஆச்சரியப்படவில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு பேராச்சும் உங்க ஆபீஸ்லருந்து வர்றாங்க சார். போன வருஷம் ஒருத்தர் கால் ஒடஞ்சு வந்தார். ஜூஸ் குடுத்து, நாங்களே ஆட்டோ புடிச்சு அனுப்பினோம். நான் வேணும்னா எழுதித் தர்றேன்."

கடையின் காகிதத்தில் எழுதி, முத்திரையும் வைத்துக் கொடுத்தார்: எங்களிடம் பட்டு, காட்டன், செயற்கைப் பட்டு ஆகியவை கிடைக்கும், அறுவை சிகிச்சை கிடையாது. ஆலிஸுக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுக்கச் சொன்னார். எழுந்திருக்கும்போது ஆலிஸ், அத்தனை வலியிலும், கத்தரிப்பூ நிறப் புடவையின் தலைப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

அந்தக் கடிதத்தை ஸ்ரீரங்கன் ஏற்கவில்லை. அந்த முகவரியில் அகக்கண்படி புடவைக் கடையே கிடையாது, இல்லாத கடை எப்படிக் கடிதம் கொடுக்கும் என்று கேட்டார். மணி ஐந்தரை. ஆம்ப்ரோஸ் முப்பது வருடத்தில் முதல் முறையாக மேலதிகாரியின் மேஜையில் கையை ஊன்றினார்.

"சார், இன்னும் தள்ளிப்போனா அவ செத்துடுவா."

ஸ்ரீரங்கன் உண்மையாகவே கவலைப்பட்டார். "அப்படி ஏதும் நடக்கப்படாது. அவாள நேத்திக்குத்தானே சேத்திருக்கோம்? சேத்த பேரை ஆறு மாசத்துக்குள்ள நீக்க அகக்கண்ணுல வழியே இல்ல. குறைஞ்சது ஜனவரி வரைக்கும் இருந்தாகணும்னு அவாகிட்ட எடுத்துச் சொல்லுங்கோ."

ஆம்ப்ரோஸ் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். நீரஜா பின்னாலேயே வந்தாள். மருத்துவமனைப் பட்டியலை மாற்ற முடியும், ஆனால் அதற்கு அடுத்தடுத்து மூன்று நம்பர்கள் வரும், இரண்டு நிமிடத்துக்குள் போட வேண்டும், போனில் கேட்டுப் போடுவதற்குள் காலாவதியாகிவிடும் என்றாள். ஆம்ப்ரோஸ் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள், நாளைக்குக் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுத் தானே வருவதாகவும், நாலு வருடமாகத் தன் தூக்கத்தைக் கெடுத்த ஆபீஸ் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை அரைநாள் அலுவலகம். தங்கபுஷ்பம் தலைக்குக் குளித்து, பூ வைத்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அவள் வாயைத் திறந்து வாட்ச்மேனிடம் வழி கேட்டதுமே, அந்தக் குரலை அடையாளம் கண்டு நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். அவர்களுடைய பொங்கல் விடுப்பும் பிள்ளை கல்யாண விடுப்பும் அந்தக் குரலில் வந்தவைதான். நேராகப் போய்ச் சுப்புராயனின் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பதினோரு மணி டீ வந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த மேஜையில் ஒருவர் டீ குடித்தார்.

செய்தி கேட்டு ஸ்ரீரங்கன் அறையை விட்டு வெளியே வந்தார். அவருக்குப் பெரிய தர்மசங்கடம். பிரிவு அலுவலர் என்பவர் யார்? அகக்கண் யாருடைய கைபேசிக்கு நம்பர் அனுப்புகிறதோ அவர். அகக்கண்ணில் உள்ளதே உண்மை. அவர் கைகூப்பி, வாங்கோ மேடம் என்றார்.

தங்கபுஷ்பம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நெத்திலி சாரு நீங்கதானா?"

ஸ்ரீரங்கன் அவசரமாக ஒரு கோப்பைப் பார்க்கப் போய்விட்டார். மூன்று நம்பர்கள் வந்தன. தங்கபுஷ்பம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், ஆனால் எண் என்றால் மின்னல் வேகம். தி.நகர் நர்சிங் ஹோம் பட்டியலிலிருந்து போனது, மயிலாப்பூர் மருத்துவமனை வந்தது. கடிதம் அச்சானது. ஆம்ப்ரோஸ் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

தங்கபுஷ்பம் எழுந்திருக்கவில்லை. வந்தது வந்தாயிற்று, இதில் வேறே என்னென்ன தப்பு இருக்கிறது என்று நீரஜாவைக் கேட்டாள். அந்தக் கேள்வியை நீரஜாவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஆறு வருடமாக, யாருக்கும் தெரியாமல், அவள் எழுதி வைத்திருந்த இருநூற்றுப் பதினான்கு தவறுகள். ஒவ்வொன்றாகப் படித்தாள். கேட்கக் கேட்க நம்பர் வந்துகொண்டே இருந்தது. ஒரு மணிக்குள் லிஃப்ட் பழுதானது. 2008-ஆம் வருடத்துப் புயல் கரையைக் கடந்தது. ஆம்ப்ரோஸின் தாயார் நிம்மதியாக இறந்தார். டீனா பிறந்து, இருபத்தைந்து வயதும் ஆனாள். சுப்புராயன் ஓய்வு பெற்ற விவரத்தை மட்டும் நீரஜா படிக்காமல் தாண்டிப் போனாள். அதைத் திருத்தினால் திருத்துகிறவரே இல்லாமல் போவார் என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை ஆலிஸுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு மணி நேரம்தான். சரியான நேரத்தில் வந்தீர்கள், இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் மருத்துவர். எடுத்த கற்களை வழக்கம் போல ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பதினேழு கற்கள். ஆம்ப்ரோஸ் மருத்துவமனைக்குள் இருந்த மாதா கோயிலில் முழங்கால் போட்டு வெகு நேரம் இருந்தார்.

அதே திங்கட்கிழமை கழகத்தில் பதினேழு வருடத்துக்குப் பிறகு கிழக்கு ஜன்னல்களைத் திறந்தார்கள். கடற்காற்று வந்து, முக்கியமான கோப்புகள் பலவற்றைத் தரையெங்கும் பறக்கவிட்டது. ஸ்ரீரங்கன் அவசரக் கூட்டம் கூட்டினார். அவர் குரல் தழுதழுத்ததாக மறுநாள் நீரஜா ஆம்ப்ரோஸிடம் சொன்னாள்.

"நண்பர்களே, சனிக்கிழமை அன்று நம் அகக்கண்ணுக்குள் உண்மை புகுந்துவிட்டது. எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று இன்னும் கணக்கிட முடியவில்லை. ஒரு தகவல் தவறாக இருந்தால் அதோடு வாழ்ந்துவிடலாம், வாழ்ந்தும் காட்டியிருக்கிறோம். ஆனால் இன்றைக்குச் சரி என்று ஒன்றைப் போட்டால் நாளைக்கும் சரிபார்க்கவேண்டி வரும், மறுநாளும் வரும். இதற்கு ஒரு முடிவு உண்டா? நம் முன்னோடிகள் மூன்று மாதம் பாடுபட்டது இதற்காகவா?"

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு எடுத்து வைத்திருந்த நகலை அகக்கண்ணில் திரும்ப ஏற்ற முடிவானது. ஏற்றினார்கள். அத்தோடு, நடுவில் வந்த தகவலின்படி நடந்த எல்லாக் காரியங்களையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவானது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். நேராகப் படியேறி வந்தவர்கள் கீழே இறங்கிப் போய், லிஃப்டுக்குள் நின்றுவிட்டு, மறுபடி ஏறினார்கள். நகல் எடுத்த கருவியும் பழசு. வெள்ளிக்கிழமை நகல் என்று பெயர் இருந்தாலும் அதில் புதன்கிழமைவரைதான் இருந்தது, ஆலிஸைச் சேர்த்த வியாழக்கிழமையே இல்லை. ஆம்ப்ரோஸ் மறுபடி பிரம்மச்சாரி ஆனார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த கடிதத்தைத்தான் யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குக் குறிப்பாணை வந்தது. "தாங்கள் கழகப் பதிவுகளின்படி மணமாகாதவர். ஆகவே ஆலிஸ் என்பவருக்குச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை, பதிவில் இல்லாத நபருக்குச் செய்யப்பட்டதாகிறது. இது கிடைத்த ஏழு நாட்களுக்குள் மேற்படி சிகிச்சையை ரத்து செய்து, மேற்படி நபரை வெள்ளிக்கிழமை மாலை 5.45 மணி நிலைக்குக் கொண்டுவந்து, இணக்க அறிக்கை சமர்ப்பிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை தொடரப்படும்."

ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம்கூட இல்லை. ஆம்ப்ரோஸ் வாழ்நாளில் குறிப்பாணை வாங்காதவர். ஆலிஸ் படுத்தபடியே அதை வாங்கிப் படித்தாள். இரண்டாவது தடவை படித்துவிட்டு, மேஜை மேல் இருந்த சின்ன பாட்டிலைக் கைகாட்டினாள்.

"எடுத்தத திருப்பிக் கேக்கறாங்க, அவ்வளவுதானே? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. ஆனா ரசீது வாங்காம வராதீங்க."

மறுநாள் ஆம்ப்ரோஸ் பாட்டிலை இயக்குநரின் மேஜையில் வைத்தார். சிகிச்சையில் வெளியே எடுத்தவை இவை, அலுவலகத்தில் திரும்ப ஒப்படைக்கிறேன், ரசீது வேண்டும் என்றார். ஸ்ரீரங்கன் முகம் மலர்ந்தது. குறிப்பாணைக்கு இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு முழுமையாக யாரும் கீழ்ப்படிந்ததில்லை. இவற்றை இருந்த இடத்தில் மறுபடி வைப்பது மருத்துவத் துறையின் பொறுப்பு, ஒப்படைத்ததோடு ஊழியரின் பொறுப்பு முடிந்தது, கோப்பை மூடிவிடலாம் என்றார். தாமே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கற்களை எண்ணினார். ரசீது அடிக்க நீரஜாவை மடிக்கணினியோடு கூப்பிட்டார்.

"போட்டுக்கோம்மா. ஆலிஸ் என்பவருடைய பித்தப்பைக் கற்கள், எண்ணிக்கை பதினேழு, பெற்றுக்கொள்ளப்பட்டது."

நீரஜா விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்தபடி நின்றாள். "என்பவர்னு போட்டா வெளியாள் ஆயிடுவாங்க சார். வெளியாள் பொருள கழகம் வாங்கி வைக்கறதுக்கு ரூல் இல்ல. ஊழியர், இல்லேன்னா ஊழியரோட குடும்பம், அவ்ளோதான்."

ஸ்ரீரங்கன் யோசித்தார். விதி விதிதான். விதியைத் தாம் மீறியதாக நாளைக்கு யாரும் விரல் நீட்டக்கூடாது. பாட்டிலைப் பார்த்தார், ஆம்ப்ரோஸைப் பார்த்தார்.

"சரி, திருத்திப் போடு. ஊழியர் திரு. ஆம்ப்ரோஸின் மனைவி, திருமதி ஆலிஸ்."

நீரஜா அடித்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஸ்ரீரங்கன் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கழகத்தின் வட்ட முத்திரையை ஊதி ஊதி அழுத்தமாக வைத்தார். ஆம்ப்ரோஸ் அதை வாங்கி, மை காயும்வரை கையில் ஏந்திக்கொண்டே நின்று, மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஆலிஸ் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, ரசீதை முதல் வரியிலிருந்து முத்திரைவரை படித்தாள். பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷம் கழிச்சு உங்களுக்கு ஒரு வழியா கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள்.

சிரித்தால் தையல் இழுக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் இருவரும் மெதுவாகத்தான் சிரித்தார்கள்.